தழும்பும் சீட்டும்: மாத்தளை வடபாதை வழி ஒரு வரலாற்று ஆய்வு

மாத்தளை மாவட்டத்திலே, தம்புள்ளைக்குத் தென்மேற்கே, கலேவலைப் பகுதியைச் சார்ந்து வஹகோட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. கண்டியரசர் காலத்திற் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் என மரபு கூறும் கத்தோலிக்கக் குடிகள் நெடுங்காலம் வாழ்ந்துவரும் ஊர் இது. இங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலம் நாடறிந்தது. யூன் மாதப் பெருவிழாவிற்குச் சிங்களவரும் தமிழரும் திரளாக வருவர். மலையகத் தோட்டங்களிலிருந்து வரும் அடியாருள், வீட்டிலே மாரியம்மனை வணங்கி, இங்கே அந்தோனியாரையும் வணங்கிச் செல்வோரும் உளர்.

2021ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் முதல் யூன் மாதம் 21ஆம் நாள் வரை கொரோனாப் பெருந்தொற்றின் பொருட்டு இலங்கையெங்கும் பயணத்தடை நிலவியது. அந்தோனியார் நாளாகிய யூன் 13 அத்தடைக்குள் அடங்கியது. அடுத்த ஆண்டு ஜனவரியில், தடுப்பூசியை முழுமையாகப் பெறாதவர் ஏப்பிரல் 30 முதல் பொதுவிடங்களிற் புகலாகாது என்னும் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளியாயிற்று. இதனால் ஒரு பழைய வினா புதிய உருவில் எழுந்தது. வழிபடச் செல்லும் ஒருவரை, வேலைக்குச் செல்லும் ஒருவரை, வாயிலில் நிறுத்தி, 'நோய்க்காப்புச் சீட்டு எங்கே?' என்று கேட்கும் அதிகாரம் எவர்க்கு உளது? அவ்வதிகாரத்தின் எல்லை யாது? சீட்டைக் கேட்பவர், கேட்கப்படுபவர்க்கு ஏதேனும் கடமைப்பட்டவரா?

இவ்வினாவை மேலைநாட்டு நீதிமன்றங்களிலிருந்து தொடங்கி ஆராய்வது வழக்கம். ஆயின் மாத்தளை மண்ணிலேயே இதற்கு விடை தேடுதற்கு வேண்டிய வரலாறு கிடக்கின்றது. தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலாளர் நடந்துவந்த வடபாதை முடிவுற்ற இடம் மாத்தளை. நோயின் பெயரால் ஒரு மக்கட் கூட்டம் தடுக்கவும், எண்ணவும், முத்திரையிடவும், சீட்டுக் கொடுத்து அனுப்பவும் பெற்ற வரலாறு அப்பாதையோடு பிணைந்துள்ளது. அவ்வரலாற்றை நோக்கின், சீட்டு என்பது தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று என்பதும், அதனைக் கேட்பவர் தாம் ஏற்கும் கடமையாலேயே அது அறமாகவோ அடிமைத்தளையாகவோ ஆகின்றது என்பதும் தெளிவாகும்.

சீட்டுத் தோன்றுவதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றை முதலிற் காண்போம். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசேவாஸ் அடிகள், ஒல்லாந்தரின் தடைகளுக்கிடையே கத்தோலிக்கர்க்கு இரகசியமாகப் பணிபுரிந்தவர். தமிழையும் சிங்களத்தையும் கற்றுத் தேர்ந்த அவர் கண்டி இராச்சியத்தினுட் சென்று, வஹகோட்டை மக்களையும் நாடி ஊழியஞ் செய்தார். 1697இல் கண்டி மாநகரில் வைசூரி பரவிற்று. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் நகரை விட்டு நீங்கினான். செல்வரும் அவ்வாறே நீங்கினர். நோயுற்றோர் உறவினராலும் கைவிடப்பட்டனர். அடிகளும் அவர்தம் மருகரான யோசேப் கர்வாலியோவும் நகரிலேயே தங்கிக் கைவிடப்பட்டோரை ஒன்றுசேர்த்துக் குடில்களில் இருத்தி, உணவும் மருந்தும் அளித்து, இறந்தோரை அடக்கஞ் செய்தனர். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபொழுது, இவ்வைசூரிக் காலப் பணி பலராலும் நினைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி சமய வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. நோயாளரைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தல் என்னும் செயல் இருவகைப்படும் என்பதை இது காட்டுகின்றது. காட்டிலே விட்டு நீங்குவதும் பிரித்தலே. குடிலில் வைத்துக் கஞ்சி வார்ப்பதும் பிரித்தலே. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், முன்னையது கைவிடுதல், பின்னையது காத்தல். பிற்காலச் சட்டங்களையும் சான்றிதழ்களையும் எடைபோடுதற்கு இவ்வேறுபாடே துலாக்கோலாகும்.

நூறாண்டு கழிந்து வைசூரிக்கு மாற்றுக் கிடைத்தது. எட்வேட் ஜென்னர் 1796இல் கண்ட கோவைசூரிப் பால், பாக்தாது, பஸ்ரா வழியாகப் பம்பாயை அடைந்தது. அங்கு 1802ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் நாள் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு அம்மை குத்தியது வெற்றி பெற்றது. இந்திய உபகண்டமெங்கும் பரவிய அம்மைப்பால் அக்குழந்தையின் கையிலிருந்தே தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே அது இலங்கையையும் எட்டிற்று. பிரெடரிக் நோர்த் தேசாதிபதியாக இருந்த காலம் அது. இராணுவ வைத்தியசாலைகளின் தலைவரான தோமஸ் கிறிஸ்தி இப்பணியை முன்னின்று நடத்தி, அதன் பயனை 1811இல் நூலாகவும் வெளியிட்டார். ஒரு குழந்தையின் கையிலெழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து மற்றொரு குழந்தையின் கையிற் குத்தும் முறையே அன்று நிலவியது. ஆகவே ஒருவருடைய காப்பு மற்றொருவருடைய உடலைச் சார்ந்திருந்தது. தடுப்பூசி தனியொருவரின் விடயமன்று என்பதை அக்காலத்தவர் கண்ணாரக் கண்டனர்.

அம்மை குத்தியவரின் தோளிலே ஒரு தழும்பு எஞ்சும். அத்தழும்பே முதற் சான்றிதழ். அதனைத் திருடல் இயலாது. பிறர்க்குக் கடனாகக் கொடுத்தலும் இயலாது. அது 'இவர் அம்மை குத்திக்கொண்டவர்' என்னும் ஒன்றை மட்டுமே கூறும். அவருடைய ஊர் எது, கடன் எவ்வளவு, எத்தோட்டத்துக்கு உரியவர் என்பவற்றை அது கூறாது. அரசு தழும்போடு அமையாது தாளையும் வேண்டியபோதே சிக்கல் தொடங்கியது. இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகட்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கி, அது பலித்தது என்பதற்கு வைத்தியரின் சான்றிதழைப் பதிவாளரிடம் சேர்க்க வேண்டுமென விதித்தது. இலங்கையில் 1886ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்மை குத்துதலுக்குச் சட்ட உருவம் தந்தது.

இங்கிலாந்தின் கட்டாயத்தை எல்லாரும் ஏற்றிலர். லெஸ்ரர் நகரில் 1885இல் பெரும் எதிர்ப்பு ஊர்வலம் நடைபெற்றது. தண்டம் செலுத்த வகையற்ற ஏழைத் தொழிலாளரே சிறை சென்றனர் என்பது எதிர்ப்பாளரின் முதன்மைக் குறையாக இருந்தது. ஈற்றில் 1898ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சாட்சியின் பொருட்டு மறுப்பவர்க்கு விலக்களித்தது. அவ்விலக்கைப் பெறுதற்கும் நீதவானிடம் ஒரு சான்றிதழ் பெறவேண்டியிருந்தது! ஏற்பவர்க்கு ஒரு சீட்டு, மறுப்பவர்க்கு மற்றொரு சீட்டு என்னும் நிலை இவ்வாறு தோன்றிற்று.

இனி வடபாதைக்கு வருவோம். கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய 1830கள் தொட்டுத் தமிழகத்து வறிய உழவர் ஆண்டுதோறும் இலங்கைக்கு வந்தனர். இராமேசுவரம், தொண்டி முதலிய கரைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் காட்டினூடே நடந்து கடந்தனர். வஹகோட்டையின் கிழக்கே அதிகத் தொலைவின்றி இப்பாதை செல்லும். நீரின்மை, பசி, காட்டுக் காய்ச்சல், வாந்திபேதி, வைசூரி ஆகியன வழியெங்கும் உயிர் குடித்தன. 1841 முதல் 1849 வரை எழுபதினாயிரம் பேர் மாண்டனர் எனக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. இவ்வெண்ணின் திருத்தத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் மாறுபடுவர். ஆயின் பெருந்தொகையினர் மாண்டனர் என்பதை மறுப்பாரிலர். நடந்து தப்பியோர் வந்தடைந்த மாத்தளையிலே முத்துமாரியம்மன் கோயில் சிறந்து விளங்குவது பொருள் பொதிந்தது. அம்மை நோய்க்கும் மழைக்கும் உரிய தாயாக மக்கள் வழிபட்ட தெய்வம் அவள். காட்டைக் கடந்து உயிரோடு வந்தோர் தம் நன்றியைச் செலுத்த அவளையன்றி வேறெவரை நாடுவர்?

இந்நடைப்பயணத்தின் முதற் பகுதியில் எவரும் சீட்டுக் கேட்டிலர். கேட்காமை அன்பினாலன்று, பொறுப்பின்மையினால் ஆகும். தோட்டத்துரைமார்க்கு வேண்டியது வேலையாளரே. வழியில் மாண்டவரைப் பற்றிய கணக்குக் கங்காணியினுடையது. காலப்போக்கில் வழியிலே மடங்களும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் அமைந்தன. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலும் பின்னரும் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இங்கே ஒரு முறைமை புலப்படுகின்றது. நோய் தொழிலாளரை மட்டும் தாக்கியவரை அரசு மெல்ல நடந்தது. பாதையோரத்துச் சிங்களக் கிராமங்களுக்கும் நகரங்களுக்கும் ஐரோப்பியர் குடியிருப்புகளுக்கும் அது பரவும் என்னும் அச்சம் எழுந்தபோது விரைந்து நடந்தது. நோயாளரைக் காத்தல் வேறு, நோயாளரிடமிருந்து பிறரைக் காத்தல் வேறு. இரண்டும் வேண்டப்படுவனவே, எனினும் பின்னையது முன்னையதை விழுங்கிவிடலாகாது.

1896இல் பம்பாயிலே பிளேக்கு நோய் தோன்றியது இவ்வரலாற்றின் திருப்புமுனை. 1897ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்தியாவிலே கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே இலங்கையில் 3ஆம் இலக்கத் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒழுங்குவிதிகளை ஆக்கும் பேரதிகாரத்தை இது நிருவாகத்திடம் ஒப்படைத்தது. சென்னை மாகாணத்தில், நோய் பரவிய இடங்களிலிருந்து புகைவண்டியில் வருவோர்க்குப் 'பிளேக்கு பாஸ்போட்டு' எனப்பட்ட சீட்டு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் தாம் சேர்ந்த ஊரிலே குறித்த நாட்கள் வரை அதிகாரிமுன் தோன்றித் தம் நலத்தைக் காட்ட வேண்டும். உள்நாட்டுப் பயணத்திற்கே கடவுச்சீட்டு வேண்டப்பட்ட காலம் அது.

இலங்கையில் வடபாதை தொழிலாளர்க்கு மூடப்பட்டது. அவர்கள் தூத்துக்குடி வழியே கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டுத் தட்டப்பாறை, ரகமை ஆகிய இடங்களின் முகாம்களில் நோய்ச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். 1914இல் பாம்பன் பாலமும் தனுக்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கிய காலத்தில், இந்திய மண்ணிலேயே இலங்கை அரசினால் நடத்தப்பட்ட மண்டபம் முகாம் முதன்மை பெற்றது. அங்கே தொழிலாளர் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டனர். அம்மை குத்தப்பட்டது, கொளுக்கிப்புழுவுக்கு மருந்து ஊட்டப்பட்டது, உடையும் மூட்டையும் நச்சுநீக்கம் செய்யப்பட்டன. எல்லாப் பயணிகட்கும் ஒரே முறை இருக்கவில்லை. மேல்வகுப்புச் சீட்டுடன் வந்தவரைக் காட்டிலும் கூலியாளாக வந்தவரே முகாமின் கதவை முழுமையாக அறிந்தார்.

மண்டபம் முகாமை முற்றாகப் பழித்தல் நியாயமன்று. காட்டுப் பாதையில் அநாதையாக மாண்டோரை எண்ணும்போது, முகாமில் உணவும் மருந்தும் பெற்றுக் கப்பலேறியோரின் நிலை எவ்வளவோ மேலானது. ஆயின் நோய்ச்சீட்டோடு வேறொரு சீட்டும் இணைந்தமையே கேடாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே 'டின் டிக்கற்' எனப்பட்ட தகர வில்லை புழக்கத்துக்கு வந்தது. தோட்டத்தின் குறியும் தொழிலாளியின் இலக்கமும் பொறித்த அவ்வில்லை கழுத்திலே தொங்கவிடப்பட்டது. அதனை உடையவர் முகாம், கப்பல், புகைவண்டி அனைத்தையும் கடந்து குறித்த தோட்டத்தை அடைவார். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டம் அதனைத் தொழிலாளியின் கடனேட்டில் ஏற்றும். தன்னால் பிறர்க்கு நோய் வராதபடி தடுக்கப்பட்ட மனிதன், அத்தடைக்கான செலவையும் தானே சுமந்தான். நாட்டின் நலத்துக்காக அவன் முகாமிலே கழித்த நாட்கள் அவனுடைய கடனாயின.

இதனினும் கொடியது 'துண்டு' முறை. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டம் செல்ல விரும்பும் தொழிலாளி, தன் கடன் எவ்வளவு என்பதையும் அதனைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவான் என்பதையும் காட்டும் துண்டைப் பெறவேண்டும். துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்பதில்லை. ஆகத் தொழிலாளியின் வாழ்விலே சீட்டுகள் மூன்று: உடல்நலம் பற்றியது ஒன்று, உடைமையாளரைப் பற்றியது ஒன்று, கடனைப் பற்றியது ஒன்று. தாள்கள் வேறாயினும் அவை அனைத்தும் அவனது காலையே கட்டின. சீட்டொன்று தனக்குரிய ஒரு பொருளை மட்டும் கூறாது பிற பொருள்களோடு சேர்ந்துகொள்ளும்போது, நோய்த்தடுப்பு எவ்வாறு ஆள்கட்டாக மாறும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

சீர்திருத்தம் எவ்வழியில் வந்தது என்பதும் கருதற்பாலது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1922இல் இந்தியாவில் இயற்றப்பட்ட குடியகல்வுச் சட்டத்தையும் 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இலங்கைக் கட்டளைச் சட்டத்தையும் அடுத்து, தொழிலாளரைக் கொண்டுவரும் செலவு தோட்ட உடைமையாளர் செலுத்தும் பொதுநிதியைச் சார்ந்தது. அது தொழிலாளியின் கடனாகலாகாது என்பது நெறியாயிற்று. மருத்துவச் சோதனை ஒழியவில்லை. அம்மை குத்துதலும் ஒழியவில்லை. ஆயின் அவற்றின் செலவும் அவற்றோடு பின்னிய தளையும் நீங்கத் தொடங்கின. பொதுநலம் கருதிக் கேட்கப்படும் சீட்டின் விலையைப் பொதுமையே தரவேண்டும் என்னும் அறம் இவ்வாறு சட்டத்தினுள் நுழைந்தது.

எனினும் மலையக மக்களைச் சீட்டு விடவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை முதலிய முன்னோர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. பிறப்பைப் பதியாத லயங்களில் வாழ்ந்தோர் அச்சான்றை எங்ஙனம் காட்டுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குப் பொதுவான தீர்வு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே வந்தது. மண்டபம் முகாமோ, பிற்காலத்தில் இலங்கையிலிருந்து ஏதிலிகளாகச் சென்ற தமிழர்க்கு உறைவிடமாயிற்று. தாளின்மையே குற்றமாகிய இவ்வனுபவத்தை உடைய மக்களிடம் புதியதொரு சீட்டைக் கேட்கும்போது, அவர்கள் தயங்குவதை அறியாமை என்று தள்ளுதல் பொருந்தாது.

இனிச் சட்டத்தின் பக்கத்தை நோக்கலாம். கட்டாயத் தடுப்பூசி பற்றிய வழக்குகளுள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்க உயர்நீதிமன்றம் 1905இல் தீர்த்த ஜேக்கப்சன் வழக்கு. மசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் வைசூரி பரவிய காலத்தில் ஹென்னிங் ஜேக்கப்சன் என்னும் போதகர் அம்மை குத்த மறுத்தார். ஐந்து டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. சமுதாயம் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையுடையது என்று கூறி நீதிமன்றம் தண்டத்தை உறுதி செய்தது. இவ்வழக்கை மேற்கோளாகக் காட்டுவோர் இரண்டை மறத்தலாகாது. ஒன்று, அவர்க்கு வலிந்து ஊசி குத்தப்படவில்லை. வாழ்வும் தொழிலும் பறிக்கப்படவில்லை. மற்றொன்று, நியாயமற்ற முறையிலும் தேவைக்கு மிஞ்சியும் இவ்வதிகாரம் கையாளப்படுமாயின் நீதிமன்றம் தலையிடும் என்பதும் அத்தீர்ப்பிலேயே அடங்கியுள்ளது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் ஜேக்கப் புலியேல் வழக்கில் அளித்த தீர்ப்பு இதனை மேலும் தெளிவாக்கிற்று. நீதியரசர்கள் நாகேசுவர ராவ், கவாய் ஆகியோர், உடலின் தன்னுரிமை இந்திய அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையின் காப்புக்குள் அடங்கும் என்றும், எவரையும் தடுப்பூசி பெறுமாறு வலிந்து கட்டாயப்படுத்தலாகாது என்றும் கூறினர். அரசின் தடுப்பூசிக் கொள்கையை அவர்கள் பிழையெனக் கொள்ளவில்லை. பொதுநலம் கருதித் தனியுரிமைக்கு எல்லை வகுக்கும் அதிகாரத்தையும் மறுக்கவில்லை. ஆயின் தடுப்பூசி பெறாதவரால் நோய் பரவும் ஆபத்து, பெற்றவரால் பரவும் ஆபத்தினும் மிகுதி என்பதற்குத் தக்க சான்று காட்டப்படாத நிலையில், அவர்களைப் பொதுவிடங்களிலிருந்து விலக்குவது அளவுக்குப் பொருந்தாதது என்றனர். இங்கே நீதி அறிவியலைச் சார்ந்து நிற்கின்றது. வைசூரித் தடுப்பூசி பல்லாண்டு காத்தது. நோய் பரவுதலையும் வலிமையாகத் தடுத்தது. கொரோனாத் தடுப்பூசி கடுநோயையும் சாவையும் பெரிதும் குறைத்தது. ஆயின் 2021ஆம் ஆண்டின் இறுதியிற் பரவிய ஒமிக்ரோன் வகையின் தொற்றைத் தடுப்பதில் அதன் வலிமை குன்றி, மாதங்கள் செல்லச்செல்லத் தேய்ந்தது. ஆகவே, 'இவரால் பிறர்க்கு ஊறில்லை' என்று வைசூரிச் சான்றிதழ் கூறிய அளவுக்குக் கொரோனாச் சான்றிதழ் கூறவியலாது. ஊசியின் பயன் பெரிது என்பதும், சீட்டின் சான்று சிறிது என்பதும் ஒருங்கே உண்மையாகலாம். ஊசியை ஏற்றவரெல்லாம் சீட்டையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. சீட்டை ஐயுறுபவரெல்லாம் ஊசிக்குப் பகைவரும் அல்லர்.

இலங்கையில் இவ்வினா இன்னும் நுண்ணியதாகின்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நாட்டினுள் நடமாடும் சுதந்திரத்தைத் தருகின்றது. 15ஆம் உறுப்புரையின் 7ஆம் பந்தி, பொதுமக்களின் சுகாதாரம் முதலியவற்றின் பொருட்டுச் 'சட்டத்தினால்' விதிக்கப்படும் மட்டுப்பாடுகளுக்கு இடந்தருகின்றது. அங்கே, பொதுமக்கள் பாதுகாப்புப் பற்றிய சட்டத்தின்கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளும் 'சட்டம்' என்பதனுள் அடங்கும் என்று கூறப்பட்டுள்ளது. சுகாதாரச் சட்டத்தின்கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளைப் பற்றி அவ்வாறு கூறப்படவில்லை. ஆகவே, 1897ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதியொன்று, பொதுவிடங்களில் நடமாடும் அடிப்படை உரிமையை மட்டுப்படுத்துதற்குப் போதுமா என்னும் ஐயம் எழுகின்றது. 2022 ஜனவரி ஒழுங்குவிதி வெளியானபோது எழுப்பத்தக்கதாயிருந்த வினா இதுவே. ஏப்பிரல் வருமுன்னரே எரிபொருளும் மருந்தும் உணவும் அரிதாகிய பொருளாதார நெருக்கடி நாட்டைச் சூழ்ந்தது. அவ்விதி மக்கள் வாழ்வில் வேரூன்றவில்லை. விதி நிலைபெறாமையால் வினா தீர்ந்துவிடவில்லை. பிளேக்குக் காலத்துச் சட்டமே அடுத்த கொள்ளைநோய்க்கும் காத்து நிற்கின்றது.

நாடுகளுக்கிடையே நடந்ததும் பழைய வகுப்பு வேறுபாட்டை நினைவூட்டுகின்றது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் இந்தியா நன்கொடையாக அனுப்பிய ஐந்து இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள் கொழும்பை அடைந்தன. மறுநாள் இலங்கையில் தடுப்பூசிப் பணி தொடங்கிற்று. அவ்வாண்டு யூலையிலே ஐரோப்பிய ஒன்றியம் தன் பொதுச் சான்றிதழைத் தொடங்கியபோது, ஐரோப்பிய மருந்து அதிகாரசபை ஒப்பிய பட்டியலில் கோவிஷீல்ட் இடம்பெறவில்லை. அதே மருந்தின் ஐரோப்பிய ஆக்கம் இடம்பெற்றது. நாடுகள் சில தனித்தனியே கோவிஷீல்டை ஏற்றன. அவ்வாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியா இந்தியச் சான்றிதழை ஏற்கத் தயங்க, இந்தியாவும் பிரித்தானியப் பயணிகட்குப் பத்து நாள் தனிமையை விதித்தது. பின்னர் இரு தடைகளும் நீங்கின. உடலிலே பாய்ந்த மருந்து ஒன்று. தாளிலே எழுதிய பெயர் வேறு. மேல்வகுப்புப் பயணிக்கும் கூலிப் பயணிக்கும் இடையே தலைமன்னார்க் கரையில் நின்ற வேலி, இம்முறை நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே எழுந்தது.

இதுகாறும் கண்டவற்றால் நோய்க்காப்புச் சான்றிதழ் அறநெறிப்பட்டதாதற்கு வேண்டிய இலக்கணம் நான்கு எனலாம். முதலாவது, அது ஒன்றையே கூறவேண்டும். தழும்பைப் போல நோய்க்காப்பை மட்டும் காட்டவேண்டுமன்றி, வேலை, கடன், குடியுரிமை, நடமாட்டம் ஆகியவற்றின் ஏடாக வளரலாகாது. தாள் கைத்தொலைபேசிக்குள் புகுந்த இக்காலத்தில் இவ்விதி முன்னையினும் முதன்மையானது. தகர வில்லையில் ஓர் இலக்கமே பொறிக்க இடமிருந்தது, இன்றைய சதுரக் குறியீட்டின் பின்னோ எல்லையற்ற ஏடு விரியும். இரண்டாவது, அதன் விலையைக் கேட்பவரே ஏற்கவேண்டும். ஊசி இலவசமாதல் போதாது. நாட்சம்பளத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண் ஊசிக்காக ஒரு நாளை இழப்பாளாயின் அந்நாட்கூலியும், காய்ச்சலாற் படுப்பாளாயின் அதற்கான ஆதரவும், ஊசியால் ஊறு நேருமாயின் இழப்பீடும் அவ்விலையில் அடங்கும். மூன்றாவது, இல்லாதவர்க்கு வழி வேண்டும். உடல்நிலையால் ஊசி பெற இயலாதவர், பதிவுத் தாளற்றவர், மனச்சாட்சியால் மறுப்பவர் ஆகியோர்க்கு நோய்ச்சோதனை, முகக்கவசம், இடைவெளி போன்ற மாற்றுகளும், முறையிடுதற்கு ஓர் அதிகாரியும் இருத்தல் வேண்டும். வழிபாடு, மருத்துவம், உணவு ஆகியவற்றின் வாயில்கள் எவர்க்கும் முற்றாக அடைபடலாகாது. நான்காவது, அதற்கு முடிவு வேண்டும். ஆபத்து நீங்கிய நாளிலே சீட்டும் தானாக நீங்கவேண்டும்.

இந்நான்காம் இலக்கணம் வெறுங்கனவன்று என்பதற்கு வைசூரியே சான்று. 1951ஆம் ஆண்டின் அனைத்துலகச் சுகாதார ஒழுங்குவிதிகளின்படி, கடல் கடந்த பயணிகளிடம் வைசூரிச் சான்றிதழைக் கேட்க நாடுகளுக்கு உரிமை இருந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் உலகச் சுகாதாரப் பேரவை வைசூரி ஒழிந்தது என அறிவித்தது. அடுத்த ஆண்டு அந்நோய் ஒழுங்குவிதிகளிலிருந்து நீக்கப்பட்டது, அச்சான்றிதழும் வழக்கொழிந்தது. மஞ்சட் காய்ச்சலுக்கு இன்றும் சான்றிதழ் உண்டு. ஒருமுறை ஊசி வாழ்நாள் முழுவதும் காக்கும் என அறிவியல் கண்டபின், 2016ஆம் ஆண்டு யூலை 11ஆம் நாள் முதல் அது வாழ்நாட் சான்றிதழாயிற்று. அறிவியல் மாறியபோது சீட்டும் மாறியது. நோய் ஒழிந்தபோது சீட்டும் ஒழிந்தது.

இலங்கைச் சட்டநூலில் இந்நான்கும் எழுதப்படவேண்டும். 1897ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அரசுக்குரிய அதிகாரங்களை விரித்துரைக்கும் அளவுக்குத் தடுக்கப்படுவோர்க்குரிய உரிமைகளை உரைப்பதில்லை. அதனை நோயற்ற காலத்திலே, அமைதியாக, பாராளுமன்றம் ஆராய்ந்து திருத்துதலே அறிவுடைமை; கொள்ளைநோய் வாயிலில் நிற்கும்போது நல்ல சட்டம் எழுதுவார் இலர். நோயுற்றோரை மன்னனும் செல்வரும் விட்டகன்ற கண்டி நகரிலே, எந்தச் சட்டமும் ஏவாமல் குடில் அமைத்துக் கஞ்சி வார்த்தவரின் செயலை எல்லாரிடத்தும் எதிர்பார்த்தல் இயலாது. ஆயின், விலகி நில் என்று ஒருவனுக்கு ஆணையிடும் அரசு, அவன் விலகி நிற்கும் நாள்வரை அவனுக்கு உணவிட வேண்டும் என்பதைச் சட்டமாக்குதல் இயலும். அச்சட்டம் உள்ள நாட்டிலே சீட்டைக் கேட்பவரும் நாணவேண்டுவதில்லை, காட்டுபவரும் அஞ்சவேண்டுவதில்லை.